முட்டை வைக்கும் இடம்

— சத்தியம் பண்ணாத. சத்தியம் பண்ணிப் பண்ணிதான் இங்க வந்து படுத்துக்கினு இருக்கற.

— பண்ணலம்மா. தண்ணிக்குத்தான் வாயத் தொறந்தேன்.

— மெதுவா. அரை டம்ளர்தான் குடுக்கச் சொன்னாங்க. சலைன் ஏறுற கைய ஆட்டாத. வலிக்குதா?

— வலிக்கல. நான் ஒண்ணும் தின்னலம்மா.

— அப்ப ஐநூத்திப் பத்து எங்கருந்து வந்தது? சர்க்கரை மானத்துலருந்து மழையா பேஞ்சுதா உன் ரத்தத்துல?

— எனக்கு எப்படித் தெரியும்? மருந்துதான் வேலை செய்யல.

— நல்லா இருக்குது கதை. பாயம்மா வீட்டு ஃப்ரிஜ்ஜுல இருக்கற மருந்துடீ அது. எங்கம்மா அன்னம்மாள நிக்க வச்சா அதுல பாதிதான் வருவா, அந்த ஒசரம் இருக்குது ஃப்ரிஜ்ஜு. ஊரே இருட்டா கிடந்தாலும் இன்வர்ட்டர்ல ஓடிக்கினே இருக்கும்.

— பானையில வச்சிருந்தப்ப வேலை செஞ்சுதுல்ல?

— சீ, மெதுவா பேசு. பெரிய நர்ஸம்மா அந்தக் கட்டிலாண்டதான் நிக்கறாங்க. பானைன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துது, அவ்ளோதான்.

— அப்பா செஞ்ச பானைம்மா. பெரிய பானைக்குள்ள மண்ண போட்டு, நடுவுல சின்னப் பானைய வச்சு, தண்ணி ஊத்தி, மேல ஈரத்துணி போட்டு. கைய விட்டா சில்லுனு இருக்கும். ஒரு வருஷம் அதுலதான இருந்தது? ஒரு நாளாவது ஆஸ்பத்திரிக்கு வந்தேனா?

— அந்தப் பானைய பத்தி வாயத் தொறந்துட்டுத்தான் நான் வரிசையில நின்னு பட்டேன். மறந்துட்டியா? "பானையில வைக்கறதுக்கு இது இன்னா மாங்கா ஊறுகாயா?"ன்னு கேட்டாங்க. அம்பது பேரு சிரிச்சான். ஒரு கிழவன் பல்லு இல்லாத வாயில சிரிச்சான்.

— சிரிச்சா இன்னா? சுகர் நூத்தி நாப்பதுதான இருந்தது அப்ப?

— சிரிச்சதோட வுட்டாங்களா? ஃப்ரிஜ் இல்லாத வீட்டுக்கு இனிமே பாட்டில கையில குடுக்க மாட்டேன்னுட்டாங்க. ரெண்டு வேளையும் புள்ளைய இங்க இட்டுக்கினு வந்து ஊசி போட்டுக்கோன்னாங்க. ஊசி ரூம தொறக்கறது எட்டரை மணிக்கு. அதுவரைக்கும் நீ பட்டினி. சாயங்காலம் நாலுக்குப் பூட்டிடுவாங்க. ஞாயித்துக்கிழமை தொறக்கவே மாட்டாங்க. ஞாயித்துக்கிழமையானா சாவறதா?

— அதுக்குத்தான் பொய் சொன்ன.

— ஆமா சொன்னேன். ஃப்ரிஜ்ஜு வாங்கிட்டோம் சிஸ்டர்னு சொன்னேன். ஒரு ஃபேனும் ஒரு பல்புமே வீட்டுக்கார பாயம்மா மீட்டர்லருந்து வர்ற கரண்ட்டு. அதுல மூணாவதா ஒரு வயர் சொருகினா அவங்க புள்ள ஜாஹிர் அண்ணன் வந்து புடுங்கிட்டுப் போவாரு. இதெல்லாம் நர்ஸம்மாகிட்ட ஒப்பாரி வைக்க முடியுமா? எல்லாம் உனக்காகத்தான் சொன்னேன்.

— நான் ஒண்ணு கேக்கறேன், திட்டாத. இங்க நேத்துலருந்து எனக்கு எவ்வளவு மருந்து போடறாங்க?

— வீட்ல போடற அளவுதான். இன்னிக்குத்தான் மாத்தலாமான்னு பேசிக்கினாங்க.

— அதே அளவு. இங்க இறங்குது. அங்க இறங்கல. நான் இன்னா லூசா?

— இங்க உனக்கு வாயில போட எதுவும் கிடைக்கல. அதான் இறங்குது.

— அம்மா! ப்ராமிஸாம்மா...

— சத்தியம் பண்ணாதன்னு சொன்னேன். கருட சேவை பாக்கப் போறேன்னு துளசி பொண்ணோட போனியே, அன்னிக்கு நாக்கு ஏன் செவப்பா இருந்தது?

— அவ ரோஸ்மில்க் வாங்கினா. ஒரே ஒரு வாய். ஒரு வாய்தாம்மா. அதுக்குத்தான் அன்னிக்கே கன்னம் வீங்கற மாதிரி அடிச்சியே. அதுக்கு முன்னாடியே நான் பாத்ரூமுக்கு ஓடிக்கினு இருந்தேனா இல்லியா? அதுக்கு முன்னாடியே ஜாக்கெட்டு லூசாயிடுச்சின்னு நீதான ஊக்கு குத்துன?

— ஒரு வாய் ஒத்துக்கினவ மத்தத ஒத்துக்க எவ்ளோ நேரமாவும்?

— மருந்துல தூள்தூளா இருந்ததுன்னு சொன்னேன். பாட்டில் ஓரத்துல மாவு மாதிரி ஒட்டிக்கினு இருந்தது. நீதான் குலுக்குனா போயிடும்னு சொன்ன.

— குலுக்குனேன். போச்சு.

— நர்ஸம்மா அத எங்க வைக்கச் சொன்னாங்க?

— கதவுல. முட்டை வைக்கற இடத்துல. மேல ஐஸ் பெட்டியில வச்சுடாத, ஒரே ஒரு தடவ ஐஸாச்சுன்னாலும் அது மருந்தில்ல, வெறும் தண்ணின்னு சொன்னாங்க. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது.

— அத அப்படியே பாயம்மாகிட்ட சொன்னியா?

— சொல்லாம இருப்பேனா? குளிர்ச்சியா வைங்கம்மான்னு சொன்னேன்.

— கதவுலன்னு சொன்னியா?

— போர்வைய இழுத்துப் போத்திக்கோ, ஃபேன் காத்து ஒத்துக்காது.

— ஐஸ் பெட்டியில வைக்காதீங்கன்னு சொன்னியா?

— இன்னாடி கோர்ட்டுல கேக்கற மாதிரி கேக்கற? அவங்க வீட்ல கூட்டிப் பெருக்கறவ நான். அவங்க ஃப்ரிஜ்ஜுல எதை எங்க வைக்கணும்னு நான் போய் சொல்லித் தரதா? வச்சுக்கறேன்னு ஒத்துக்கினதே பெருசு. அந்த ஃப்ரிஜ்ஜு கதவ இன்னிவரைக்கும் நான் தொட்டதில்ல. ஈரத்துணியால வெளிய துடைப்பேன், அவ்ளோதான்.

— அப்ப போய் கேளு.

— இன்னான்னு?

— எங்க வச்சிருந்தீங்கன்னு. ஒரே ஒரு கேள்விம்மா. அவங்க கதவுலதான் வச்சேன்னு சொல்லட்டும். நான் அப்புறம் வாயே தொறக்க மாட்டேன்.

— போவத்தான் போறேன். பாட்டில எடுத்தாந்து காட்டச் சொல்லியிருக்காங்க. சாயங்காலம் டாக்டரு வரும்போது பதில் சொல்லணும். நீ துன்னிருந்தா அளவு இதே போதுமாம், வாயக் கட்டினா சரியாப்பூடும். துன்னல, மருந்தும் நல்லாதான் இருந்துதுன்னா அளவ ரெண்டு மடங்கா ஏத்தணுமாம்.

— ரெண்டு மடங்கா? போட்ட ஊசிய மறந்துட்டு நீ ரெண்டாவது தடவ போட்டியே ஒரு நாளு, நான் பிரேயர்ல நின்னுக்கினு இருந்தவ அப்படியே விழுந்தேனே. ஒரு தடவைக்கே அப்படி. தினமும்னா?

— அதுக்குத்தான் உண்மைய சொல்லுன்றேன். மருந்து கெட்டிருந்ததுன்னா அது வேற மாதிரி. இவங்களுக்கு வைக்கத் தெரியலன்னு சீட்டுல எழுதிடுவாங்க. பாட்டில் கைக்கு வராது.

— நான் துன்னேன்னு சொன்னா?

— அத உங்கப்பாகிட்ட கேளு. சாயப்பட்டறையிலருந்து நேரா வரேன்னு சொல்லிச்சு. துன்னிருந்தா பத்தாவதும் கிடையாது, ஒண்ணும் கிடையாதாம். ஸ்கூல் வாசல் வண்டியிலதான் இந்தப் புத்தி வந்தது, வீட்ல கண்ணெதிர உக்காந்து தறிக்கு ராட்டையில நூல் தார் சுத்தட்டும்னு சொல்லிட்டுது.

— டென்த் முடிச்ச அஞ்சும் அக்கா அதோட புக்ஸ் எல்லாம் குடுத்திருக்குதும்மா. அட்டை போட்டு வச்சிட்டேன். பத்து நாள்ல ஸ்கூல் தொறக்குது.

— தெரியும்.

— போய் கேளும்மா.

— போறேன். கண்ண மூடிக்கினு படு. பக்கத்துக் கட்டில் பிஸ்கட்ட பாக்காத.

*

— அரே நதியா! வா, உள்ள வா. செருப்பு கிடக்கட்டும். புள்ள கண்ணத் தொறந்துச்சா?

— தொறந்துட்டா பாயம்மா. பேசறா. வாய்க்கு வாய் பேசறா.

— அல்ஹம்துலில்லா. ஃபஜ்ரு தொழுதுட்டு அவளுக்குத்தான் துஆ கேட்டேன். மொதல்ல அவளுக்கு, அப்புறந்தான் என் முட்டிக்கு. கீழ உக்காராத நதியா, சேர்ல உக்காரு. ஏசி போடறேன் இரு.

— வேணாம்மா. வேர்வையோட இருக்கறேன். ஒத்துக்காது.

— க்யா ஒத்துக்காது? மூஞ்சி காஞ்ச மொளகா மாதிரி இருக்குது. எப்படித்தான் அந்த ஷீட்டுக் கூரைக்குக் கீழ கிடக்கறீங்களோ. மேல மாடிக்கு துணி காயப்போடப் போனேன், உங்க ஷீட்டுலருந்து வர்ற அனல்ல எனக்குத் தலை சுத்திடுச்சி. அந்த அடுப்புப் புகை வேற. சிலிண்டர் வரலியா இன்னும்?

— அடுத்த மாசம் பாக்கணும்மா. சுள்ளியிலதான் ஓடுது.

— இந்தா, சர்பத்து குடி. சக்கரை போட்டது, உனக்குப் பரவால்ல. அல்லா ஒருத்தனுக்கு சக்கரைய குடுத்துட்டு வாயையும் குடுக்கறான் பாரு. எங்க வீட்டுக்காரரு ஷபியுல்லா சாயிபு அப்படித்தான் போனாரு. மாத்திரை, மாத்திரை, மாத்திரை. ஊசி போட்டுக்கோங்கன்னு நான் அழுதேன். கேக்கல. பேரனுக்குச் செஞ்ச சேமியாவ ஒளிஞ்சுக்கினு சாப்புடுவாரு. கடைசியில காலு.

— என் பொண்ணும் அப்படித்தான் துன்னுட்டிருக்குது போல பாயம்மா. இல்லவே இல்லன்னு சாதிக்கறா.

— தோபா தோபா. அடிக்காத இனிமே. எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சி நீ அடிச்சது. எலும்பா இருக்கற புள்ளைய அடிப்பாங்களா? ஒரு மாசமாவே பாக்கறேன், கழுத்து எலும்புல தண்ணி ஊத்தினா நிக்கும், அப்படி ஆயிட்டா.

— பாயம்மா, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது.

— கேளு. எல்லா வேலைக்காரியும் இப்படி ஆரம்பிச்சா அட்வான்சு கேப்பாளுங்க. நீ இன்னிவரைக்கும் கேட்டதில்ல. கேளு.

— அதில்லம்மா. அந்த பாட்டில ஆஸ்பத்திரிக்கு எடுத்தாரச் சொன்னாங்க. அதான்.

— இவ்ளோதானா? தரேன் இரு.

— அப்புறம்... நடுவுல கரண்ட்டு எதுனா நின்னுதாம்மா? ஃப்ரிஜ்ஜு சூடாச்சா?

— எங்க வீட்லயா? என்ன கேள்வி கேக்கற நதியா? ஃப்ரிஜ்ஜுக்குன்னே தனியா இன்வர்ட்டர் போட்டிருக்கான் ஜாஹிரு. ஒரு நிமிஷம் நிக்காது.

— நான் கேக்கலம்மா. டாக்டரு கேக்கச் சொன்னாரு. எனக்குத் தெரியாதா உங்கள.

— டாக்டருகிட்ட சொல்லு, ஃபரீதா வீட்ல அந்த மருந்த தங்கம் மாதிரி வச்சிருந்தாங்கன்னு சொல்லு. ஜாஹிரு மொத நாளே மூஞ்சிய சுளிச்சான். சாப்பாடு வைக்கற எடத்துல ஆஸ்பத்திரி சாமான் எதுக்கும்மான்னான். போடா, உங்கப்பாவுக்குச் செய்ய முடியல, அந்தப் புள்ளைக்காவது செய்றேன்னு சொன்னேன். கதவுல வச்சா இவனுங்க நூறு தடவ தொறந்து மூடுவானுங்க. சில்லு போயிடாதா? அதான் மேல வச்சேன்.

— மேலயா?

— மேல ஐஸ் பெட்டியில. ஃப்ரிஜ்ஜுலயே நல்ல எடம் அதுதான? பேரப்புள்ளைங்க ஐஸ்கிரீம் டப்பாவ தூக்கி வெளிய போட்டேன் நதியா. ரெண்டும் தரையில புரண்டு அழுதுதுங்க. அழட்டும்னு விட்டேன். கறி ஒரு பக்கம், உன் பொண்ணு மருந்து ஒரு பக்கம். வாசனை படக் கூடாதுன்னு மூணு கவர் சுத்தியிருக்கேன். இந்தா, புடி. பாரு, எப்படி இருக்குது!

— கல்லு மாதிரி இருக்குதும்மா.

— அதான் சொல்றேன். கையே மரத்துடும். தினமும் இப்படித்தான் இருக்கும்.

— ஆனா எனக்குத் தரும்போது தண்ணியாத்தான இருந்தது?

— நான் அப்படியே குடுத்துடுவேனா? காலையில நீ வாசல் கூட்ட வர்றதுக்கு முன்னாடியே எடுத்து வெந்நீர்ல போட்டு, உருக்கி, துடைச்சு, கன்னத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். சாயங்காலமும் அப்படித்தான். புள்ள உடம்புல சில்லுனு ஏத்தினா ஜன்னி வந்துடாதா? ஒரு நாள் கூட தவறல. ஜுரத்துல படுத்திருந்தேனே, அன்னிக்குக் கூட எழுந்து வந்து வெந்நீர் வச்சேன்.

— மொத நாள்லருந்தாம்மா?

— மொத நாள்லருந்தே. ஏன் நதியா? அரே, ஏன் அழற? ஐஸ்ல வச்சா தப்பா? நதியா. சச்சி சொல்லு, நெஜத்த சொல்லு. நான் எதுனா தப்பு பண்ணிட்டேனா?

— இல்லம்மா. ஒண்ணும் தப்பில்ல. நீங்க பெத்த தாய் மாதிரி பாத்துக்கினீங்க. அதான், கண்ணுல தண்ணி வந்துடுச்சி.

— பைத்தியம். நான் பயந்தே போயிட்டேன். இந்த வயசுல ஒரு புள்ளையோட பாவத்த சுமந்துக்கினு கபருக்குப் போவ முடியாது என்னால. முந்தானையால துடைச்சிக்கோ. புது பாட்டில் குடுப்பாங்கல்ல? கொண்டாந்து குடு. எடத்த காலியாவே வச்சிருக்கேன்.

— இனிமே வேணாம்மா.

— ஏன் வேணாம்?

— அது... ஆஸ்பத்திரியிலயே வச்சுக்கறாங்களாம். அங்கயே வந்து போட்டுக்கச் சொல்லிட்டாங்க.

— என் ஃப்ரிஜ்ஜு மேல நம்பிக்கை இல்லன்னு சொல்றாங்களா?

— உங்க மேல இல்லம்மா. என் பொண்ணு மேல. அவ துன்றான்னு.

— ஹூம். அல்லா அவளுக்கு நல்ல புத்தி குடுக்கட்டும். இந்தா, இந்த பேரீச்சம்பழம்... அய்யோ, அது கூடாதுல்ல. வெள்ளரிக்கா எடுத்துக்கினு போ. நான் குடுத்தேன்னு சொல்லு.

*

— இன்னாம்மா இவ்ளோ லேட்டு? கேட்டியா? எங்க பாட்டிலு?

— பையில இருக்குது. வெள்ளரிக்கா குடுத்தாங்க பாயம்மா.

— பாட்டில குடு. ஏம்மா, கவரெல்லாம் சொட்டச்சொட்ட இருக்குது?

— வெயிலு.

— இது வேர்வை இல்ல. உள்ள பாரு. வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. நடுவுல கட்டி மிதக்குது.

— பாத்தேன்.

— ஐஸும்மா.

— தெரியும்டீ. ஷேர் ஆட்டோவுல வரும்போது கையிலயே வச்சுக்கினு வந்தேன். கரைஞ்சுடும், நீ பாக்க வேணாம்னு நினைச்சேன். கரையல.

— எவ்வளவு நாளா?

— மொத நாள்லருந்து.

— அப்ப நான் பொய் சொல்லல.

— இல்ல.

— வாயால சொல்லும்மா.

— நீ பொய் சொல்லல கண்ணு. நான்தான். ஐஸ் பெட்டியில வைக்காதீங்கன்னு மூணே வார்த்தை. அத சொல்ல எனக்கு வாய் வரல. அந்த மூணு வார்த்தைய முழுங்கிட்டு உன்ன அடிச்சேன்.

— சரி விடு. அழாத. அந்தப் பக்கம் பாக்கறாங்க. பாயம்மாகிட்ட சொன்னியா?

— இன்னான்னு சொல்றது? பேரன் ஐஸ்கிரீம தூக்கிப் போட்டுட்டு உன் மருந்துக்கு எடம் பண்ணாங்களாம். வெந்நீர் வச்சு உருக்கி, கன்னத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தாங்களாம். தப்பு பண்ணிட்டேனான்னு கேட்டாங்க. இல்லன்னுட்டேன்.

— நான்கூட இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்.

— அப்பா வந்துடும் இப்ப. அது கேட்டா நீ ஒண்ணும் சொல்லாத.

— ஏன்? அப்பாவுக்காவது தெரியணும்லம்மா. நான் தின்னலன்னு.

— உங்கப்பாவ தெரியாதா உனக்கு? நேரா பாயம்மா வாசல்ல போய் நின்னு கத்தும். எம்பொண்ணக் கொன்னுட்டீங்களேன்னு தெருவக் கூட்டும். ஜாஹிர் அண்ணன் அன்னிக்கே நம்ம சாமான வெளிய எடுத்து வைப்பாரு. வீடு அவங்களுது. கரண்ட்டு அவங்களுது. நான் செய்யற வேலையும் அவங்களுது. எங்க போவ? நம்ம ஊரு மாகறலுக்கா? அங்கருந்து உனக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்கு வர பஸ்ஸுக்கு நிக்கறதுக்குள்ள...

— போதும், புரியுது. நர்ஸம்மாகிட்ட இன்னா சொல்லப் போற?

— அதான் தெரியல. வழி நெடுக யோசிச்சுக்கினு வந்தேன். தலை வெடிக்குது.

— மருந்து ஐஸாயிடுச்சின்னு சொன்னா?

— ஃப்ரிஜ்ஜு எங்களுது இல்லன்றதும் வெளிய வரும். பாட்டில் குடுக்க மாட்டாங்க. ரெண்டு வேளையும் இங்க வந்து நிக்கணும். ஞாயித்துக்கிழமை...

— ஞாயித்துக்கிழமை தொறக்க மாட்டாங்க. தெரியும். மருந்து நல்லாதான் இருந்தது, பொண்ணும் தின்னலன்னு சொன்னா?

— ரெண்டு மடங்கா எழுதுவாங்க.

— எழுதட்டும். நீ வீட்ல பழைய அளவே போடு.

— போட்டா? அடுத்த மாசம் வந்து ரத்தம் எடுப்பாங்க. குறையலன்னா இன்னும் ஏத்துவாங்க. ஒரு நாள் நான் ஊருக்குப் போயிருப்பேன். உங்கப்பா சீட்ட பாத்து, எழுதியிருக்கற அளவ அப்படியே போட்டுடும். அதுக்கு ஊசி போடத் தெரியும், கணக்கு தெரியாது.

— பிரேயர்ல விழுந்த மாதிரி விழுவேன்.

— பிரேயர்ல விழுந்தப்ப டீச்சர் இருந்தாங்க. நம்ம வீட்ல யாரு இருக்கா?

— அந்தப் பானை இருக்குதாம்மா?

— எந்தப் பானை?

— அப்பா பானை.

— இருக்குது. தண்ணி டிரம்முக்குப் பின்னால. மண்ணு காஞ்சு வெடிச்சுப் போய் கிடக்குது. கோழி உக்காருது அதுல.

— வீட்டுக்குப் போனதும் அதுல தண்ணி ஊத்திடு. நிறைய. மண்ணு நல்லா ஊறணும்.

— நர்ஸம்மாவுக்குத் தெரிஞ்சா?

— யாரு சொல்லப் போறா? கையில பாட்டில் இருந்தா போதும். அத எங்க வைக்கறோம்னு வீட்டுக்கு வந்தா பாக்கப் போறாங்க?

— கையில பாட்டில் வந்தாத்தான?

— வரும். அம்மா, அந்த டென்த் புக்ஸ அஞ்சும் அக்காகிட்ட திருப்பிக் குடுத்துடு. அட்டைய கிழிச்சுட்டுக் குடு, என் பேரு எழுதியிருக்கேன்.

— எதுக்குடீ இப்ப அந்தப் பேச்சு?

— பத்திரமா குடு. சயின்ஸ் புக்குல மட்டும் ஒரு பக்கம் மடிச்சு வச்சிருக்கேன், நீட்டி விட்டுடு. ராட்டைக்கு எண்ணெய் போடணும், கீச்சு கீச்சுன்னு கத்தும் அது. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது.

— திரிஷா, இன்னா பண்ணப் போற? என்ன பாரு. என்ன பாத்துச் சொல்லு.

— மூஞ்சிய துடை. அப்பா வருது பாரு, கையெல்லாம் நீலச் சாயத்தோட, கூடவே நர்ஸம்மாவும் வராங்க. அந்தப் பாட்டில பைக்குள்ள போடு, கரைஞ்சப்புறம் காட்டிக்கலாம். நீ ஒண்ணும் பேசாத.

— வேணாம்டீ. கண்ணு, வேணாம்...

— சிஸ்டர், எங்கம்மாவ கேக்காதீங்க, அவங்களுக்குத் தெரியாது. நான்தான் தினமும் ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னேன், ஸ்கூல் வாசல்ல தின்னேன், கருட சேவையில ரோஸ்மில்க் குடிச்சேன், கேட்டப்பல்லாம் பொய் சொன்னேன். மருந்து நல்ல மருந்துதான் சிஸ்டர், எங்க வீட்டு ஃப்ரிஜ்ஜு கதவுல, நீங்க சொன்ன மாதிரியே, முட்டை வைக்கற இடத்துலதான் வச்சிருந்தோம்.